வட்ஸ்அப்பில் கழற்றிய 303

காலை ஏழு மணி. பிளேன்டீ பாதிதான் குடித்திருந்தேன், போன் அடித்தது. ரொறன்ரோவில் இருக்கும் மருமகன், மூத்த அக்காவின் கடைசி மகன். அங்கே அப்போது முதல்நாள் இரவு எட்டரை. படம் தெளிந்ததும் பார்த்தால், சாப்பாட்டு மேசையில் பழைய பெட்சீற் விரித்து, அதன்மேல் நீட்டாக ஒரு துவக்கு.

"மாமா, பயப்பிடாதேங்கோ. லைசன்ஸ் எடுத்துத்தான் வாங்கினனான். மான் வேட்டைக்கு. நீங்கள் கடேற்றிலை இருக்கேக்கை உதைத்தானே வைச்சிருந்தனீங்கள்?"

துவக்கைக் கண்டு எனக்குப் பயம் வரவில்லை. அவன் வலது கையில் இருந்த திருப்புளியைக் கண்டுதான் வந்தது. நுனி ஆப்பு மாதிரிச் சரிந்த, மலிவுக் கடைத் திருப்புளி. தோளில் வைக்கும் மரப் பிடங்கின் அடித்தகட்டில் இருக்கும் ஆணியில் அதை ஏற்கெனவே வைத்திருந்தான்.

"டேய், முதல் அதைக் கீழை வை."

இந்த ஊரில் துவக்கு என்ற சொல்லைச் சொன்னாலே கேட்பவர் முகம் ஒருமாதிரிப் போய்விடும். முப்பது வருடம் அப்படிப் போனது. நான் அதற்கு முந்தின காலத்தில் துவக்குப் பிடித்தவன். 1966இல் பள்ளிக்கூடக் கடேற் என்ற மாணவர் படை, அதன் பிறகு நாற்பது வருடம் கடைசல் பட்டறை. சண்டைக் காலம் முழுக்க லேத்தில் தண்ணீர்ப் பம்புக்கும் சைக்கிளுக்கும்தான் சாமான் கடைந்தேன். 303 என்று சொல்லும் அந்தப் பட்டாளத் துவக்கைக் கடைசியாகக் கையில் எடுத்து ஐம்பது வருடத்துக்கு மேல். ஆனாலும் அன்றைக்குப் போனில் அவனுக்குச் சொல்லச் சொல்ல, என் விரல்கள் மேசையில் தாமாகவே அசைந்துகொண்டிருந்தன. மனிசி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு விசரே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானகூடத்துக்கும் கிணற்றடிக்கும் நடுவில், யன்னலுக்குத் தடித்த கம்பி போட்ட ஒரு அறை. அதுதான் ஆர்மரி. சுவரோடு சுவராகத் துவக்குகள் சங்கிலியில் கோத்து நிற்கும். அவற்றைப் பார்க்க ஒரு வயதான சாஜன் வருவார். பட்டாளத்தில் ஆயுதம் திருத்தும் வேலை பார்த்து இளைப்பாறியவர். சிங்களவர், அரைகுறைத் தமிழ். முதல் மூன்று கிழமை எங்களை எதையும் தொட விடவில்லை. "தம்பி, கை பின்னால, கண் முன்னால" என்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, இரும்பில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும். வாசித்ததைக் கொப்பியில் எழுத வேண்டும். எங்களுக்கு எரிச்சல். துவக்குத் தூக்க வந்த பொடியளுக்கு எழுத்து வேலை. ஆனால் பட்டறை வைத்த காலத்தில், எந்தப் பழைய மோட்டர் வந்தாலும் சாவியை எடுக்க முன்னம் எண்ணையும் எழுத்தையும் தேடுகிற பழக்கம் அந்த மூன்று கிழமையில் வந்ததுதான்.

அங்கே இருந்தவை இரண்டு சாதி. இரண்டுமே லீ என்பீல்ட். லீ என்பது குழலின் பின்வாயை மூடித் திறக்கும் போல்ட்டையும், ரவைகள் நிற்கும் பெட்டியான மாகசினையும் வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ. ரவை என்றால் தோட்டா. என்பீல்ட் என்பது லண்டனுக்கு வடக்கே அரசாங்கத் துவக்குத் தொழிற்சாலை இருந்த ஊர். மூத்தது நம்பர் 1 மார்க் 3, 1907இல் வந்த வடிவம். இளையது நம்பர் 4, இரண்டாம் உலகப் போருக்கென்று பெருமளவில் செய்தது. தூரத்திலேயே பிரித்தறியலாம். மூத்ததன் வாய்ப்பக்கம் பன்றி மூக்கு மாதிரி மொட்டையான இரும்புத் தொப்பிக்குள் குழல் முழுதாக அடங்கியிருக்கும். இளையதில் குழலின் நுனி ஒரு விரலளவு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். குறி பார்க்கும் இடமும் வேறு. மூத்ததில் குழலின் நடுப்பக்கம் ஒரு வெட்டு, இளையதில் கண்ணுக்குக் கிட்ட ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளால் பார்க்கப் பழகியவனுக்குத் திரும்ப மூத்ததைக் கொடுத்தால் பிடிக்காது.

மூத்ததில் எழுத்து இருக்கும் இடம், மரப் பிடங்கு தொடங்கும் இரும்புக் கழுத்தின் வலப்பக்கம். மேலே கிரீடம், அதன்கீழே மன்னருடைய எழுத்து, பிறகு செய்த இடம், ஆண்டு, மார்க். இந்தியாவின் இசாப்பூரில் செய்தவற்றில் மன்னருடைய எழுத்து மூன்று. ஜோர்ஜ் என்பதோடு மன்னர், சக்கரவர்த்தி என்பதற்கும் ஒவ்வொன்று. இந்தியா குடியரசான பிறகு செய்தவற்றில் கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரே அச்சு, ஒரே இரும்பு, தலையில் மட்டும் ஆள் மாற்றம்.

மார்க் 3க்குப் பக்கத்தில் சிலவற்றில் ஒரு நட்சத்திரம் இருக்கும். நட்சத்திரம் போட்டதுதான் உயர்ந்த சாதி என்று நாங்கள் அடிபட்டுக்கொண்டோம். சாஜன் சிரித்தார். முதலாம் உலகப் போர் நடுவில் கெதியாகச் செய்து தள்ள வேண்டியிருந்ததால், மாகசினை மறிக்கும் ஒரு தகடு, தூரத்துக்குச் சுடும் பக்கக் குறி என்று சிலவற்றைக் கழித்துவிட்டார்கள். கழித்ததற்கு அடையாளம்தான் அந்த நட்சத்திரம். நம்பர் 4இலும் அப்படித்தான். பழைய துவக்கு விற்பவன் யாராவது "ஸ்டார் மொடல், ஸ்பெஷல்" என்று விலை கூட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. எங்கள் அப்பாவிடம் ஒரு பிஎஸ்ஏ சைக்கிள் இருந்தது. அதன் சின்னம் மூன்று துவக்குகளை முக்காலி மாதிரிச் சாய்த்து நிறுத்தியது. யாழ்ப்பாணத்தில் அந்தச் சின்னத்தைக் காணாதவர் இருந்திருக்க முடியாது, ஆனால் அது ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. பேர்மிங்காம் ஸ்மோல் ஆம்ஸ் என்பதன் சுருக்கம்தான் பிஎஸ்ஏ. 1861இல் துவக்குச் செய்யத் தொடங்கியவர்கள், சைக்கிள் பிறகு வந்தது. அதே ஆட்கள் இரண்டாம் போர்க் காலத்தில் நம்பர் 4 செய்தபோது பெயரைப் போடவில்லை, எம் 47 என்று ஒரு குறியீட்டை மட்டும் அடித்தார்கள். தொழிற்சாலை எதுவென்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. சைக்கிளில் துவக்கைக் காட்டிவிட்டு, துவக்கில் பெயரை ஒளித்திருக்கிறார்கள்.

"மாமா, இருக்கிறியளே?" மருமகன் கூப்பிட்டான். நான் 1966இல் நின்றுகொண்டிருந்தேன்.

"ஓம். முதல் மாகசினைக் கழற்று. விசைக்கு முன்னாலை வளையத்துக்குள்ளை ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதை மேலை அமத்து. வந்திட்டுதே? இப்ப போல்ட்டைத் தூக்கிப் பின்னுக்கு இழு. உள்ளுக்குப் பார். பாத்திட்டியே? இப்ப சின்னி விரலை உள்ளை விட்டுப் பார்."

"ஒண்டும் இல்லை மாமா. கடைக்காரனும் பாத்துத்தான் தந்தவன்."

"கடைக்காரன்ரை விரல் வேறை, உன்ரை விரல் வேறை."

கண் பார்த்தாலும் விரல் பார்க்க வேண்டும். எங்கள் அறையில் இருந்து ஒரு துவக்கு ஒருவன் கையில் இருந்து அடுத்தவன் கைக்குப் போகும்போது, இரண்டுபேரும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். இத்தனைக்கும் அவற்றில் பாதி சுடவே முடியாதவை. பயிற்சிக்கு மட்டும் என்று டீ பீ என்ற இரண்டு எழுத்தை இரும்பிலும் மரத்திலும் அடித்திருப்பார்கள். தேய்ந்தது, வெடித்தது, அளவு தப்பியது எல்லாம் அப்படித்தான் பள்ளிக்கூடத்துக்கு வரும். அந்த இரண்டு எழுத்து எங்காவது இருந்தால், எவ்வளவு மினுக்கமாக இருந்தாலும் ரவை போடக்கூடாது. மருமகனிடம் அடுத்ததாகத் தேடச் சொன்னது அதைத்தான். இல்லை என்றான்.

"சரி, இப்ப இடப்பக்கம் இரும்பிலை என்ன எழுதியிருக்கு?"

போனை இரும்போடு ஒட்டிப் பிடித்தான். எண்ணெய்ப் பிசுக்குக்குள்ளால் எழுத்து மெல்ல வந்தது. நம்பர் 4 மார்க் 1, பக்கத்தில் நட்சத்திரம். அதற்குப் பிறகு லோங் பிராஞ்ச். 1943.

"லோங் பிராஞ்சா?" அவன் குரல் மாறியது. "மாமா, அது எங்கடை கோ ட்ரெயின் நிக்கிற ஸ்டேசன்."

ரொறன்ரோவின் மேற்கு ஓரத்தில், ஏரிக்கரையில், 1940இல் கனடா அரசாங்கம் தொடங்கிய தொழிற்சாலை அது. போர் முடிய முன்னம் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட நம்பர் 4 அங்கே செய்தார்கள். வேலைசெய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். செய்ததைச் சோதித்துப் பார்க்கும் கட்டடம் மட்டும் இன்னும் நிற்கிறதாம், இப்போது அதற்குள் ஓவியக் கண்காட்சியும் கச்சேரியும் வைக்கிறார்களாம். தினமும் ரயிலில் தாண்டிப் போகிற இடத்தில் செய்த சாமானைப் பற்றி அவன் கொக்குவிலில் இருக்கும் மாமனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான். தொடர் எண்ணின் நடுவில் எல் என்ற எழுத்து இருக்கும் பார் என்றேன், இருந்தது. அமெரிக்காவில் செய்ததென்றால் அந்த இடத்தில் சீ இருக்கும்.

பிறகு திருப்புளிக் கதைக்கு வந்தோம். கேட்பவர்களுக்கெல்லாம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பழைய இங்கிலிஷ் ஆணித் தலைகளில் வெட்டு ஒடுக்கம், இரண்டு பக்கமும் நேர்ச்சுவர். இப்போதைய திருப்புளியின் நுனி சரிவு. சரிவான நுனி நேர்ச்சுவர் வெட்டுக்குள் அடிவரை போகாது, வாயில் மட்டும் பிடித்து நிற்கும். பலம் கொடுத்தால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். தலை தின்ற ஆணியைப் பார்த்தாலே யாரோ அவசரக்காரன் உள்ளே போயிருக்கிறான் என்று தெரியும். நல்ல உருக்குத் திருப்புளி ஒன்றை வாங்கி, நுனியை அரத்தால் அராவி, அந்த வெட்டுக்குள் ஆட்டம் இல்லாமல் இறுகி நிற்கும்படி செய்ய வேண்டும். அகலமும் ஆணித் தலையின் அகலம் இருக்க வேண்டும். எனக்கு ஒரு ஆணிக்கு ஒரு திருப்புளி என்று ஆறு இருந்தன. மருமகனிடம் அரம் இல்லை. அந்தக் கிழமை அவனுக்கு வேலை அரம் வாங்குவதும் அராவுவதும்தான். இறுகின ஆணிக்கு எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறு என்று சொல்லி முதல்நாள் போனை வைத்தேன்.

அவன் கழற்றப் பார்த்தது பிடங்கை. அதற்கு எனக்கு ஏன் அவ்வளவு பதட்டம் வந்தது என்றால், 1967இல் நடந்த ஒன்று.

மூத்த சாதித் துவக்கு ஒன்றில் பிடங்கு ஆடியது. சாஜன் அந்தக் கிழமை வரவில்லை. சித்தப்பாவின் பட்டறையில் லீவுக்கு நிற்பவன் என்ற திமிர் எனக்கு. அடித்தகட்டைக் கழற்றினேன். பிடங்குக்குள் நீளமாக ஒரு துளை, அதன் அடியில்தான் பிடங்கை இரும்போடு இழுத்துப் பிடிக்கும் பெரிய ஆணி இருக்கிறது. துளைக்குள் ஒரு தோல் அடைப்பு இருக்கும், அதை எடுக்காமல் திருப்புளியை விட்டால் தோல் இறுகி, திருப்புளியும் தோலும் சேர்ந்து ஆப்பாகிப் பிடங்கை வெடிக்க வைத்துவிடும். அது எனக்குத் தெரிந்திருந்தது. தோலைக் கவனமாகக் கிளறி எடுத்தேன். என்னை மாதிரிக் கெட்டிக்காரன் இல்லை என்ற நினைப்போடு நீளத் திருப்புளியை விட்டுத் திருகினேன்.

டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். பிடங்கில் ஒன்றும் இல்லை. சத்தம் வந்தது குழலுக்குக் கீழே ஓடும் முன்கட்டையில். அதன் பின்முனையில், இரும்புக் கழுத்தோடு சேரும் இடத்தில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு.

மூத்த சாதியில் அந்தப் பெரிய ஆணியின் முன் நுனி சதுரம். அது இரும்புக் கழுத்தைத் தாண்டிப் போய், முன்கட்டையின் பின்முனையில் பதித்த ஒரு தகட்டின் வெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும், ஆணி தானாகக் கழராமல் இருக்க. வட்டமான ஓட்டைக்குள் என்றால் சுழலும். சதுரம் வெட்டுக்குள் சுழலப் பார்த்தால் இரண்டு பக்கமும் மரத்தைத் தள்ளும். பல வருடம் காய்ந்த மரம் என்ன செய்யும்? ஆகவே மூத்த சாதியில் முதலில் முன்கட்டை வர வேண்டும், அதற்குப் பிறகுதான் பிடங்கு. முன்கட்டை வருவதற்கு மூக்குத் தொப்பி, வளையங்கள், விசைக் காப்பு என்று ஒரு வரிசை இருக்கிறது. இளைய சாதியான நம்பர் 4இல் பெரும்பாலும் இந்தச் சதுர முனைத் தொல்லை இல்லை. ஆனால் எது எந்தச் சாதி என்று வாசிக்காமல் ஆணியில் கைவைத்தால் இதுதான் நடக்கும்.

சாஜன் வந்து பார்த்தார். ஏசவில்லை. பித்தளைக் கம்பியால் குறுக்கே ஒரு முளை அடித்து, பசை போட்டு, நூலால் சுற்றி இரண்டு நாள் வைத்தார். என்னை அந்த இரண்டு நாளும் பக்கத்தில் இருத்தி, எதற்குப் பிறகு எது என்று சத்தமாகச் சொல்ல வைத்தார். மூக்குத் தொப்பிக்குப் பின்னால் குழலின் அடியில் ஒரு சின்ன முளையும் சுருள்வில்லும் இருக்கின்றன, முன்கட்டையை இறக்கும்போது அவை தெறித்து விழும். எங்கள் ஆர்மரி வாசலில் மணல். மணலில் விழுந்த சுருள்வில்லை நான்கு பொடியள் அரிதட்டால் அரித்துத் தேடியது அந்த இரண்டு நாளில்தான். அன்றைக்கு இருந்து, கீழே வெள்ளைத் துணி விரிக்காமல் நான் எதையும் கழற்றுவதில்லை. மருமகனுடைய பெட்சீற்றில் பூப்போட்டிருந்தது. மாற்றச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவனுக்குச் சனி இரவு. திருப்புளி அராவி வைத்திருந்தான், மோசமில்லை. முன்கட்டையையும் கழற்றட்டா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அந்த மரம் இரும்போடு சேரும் இடங்களில் எவ்வளவு இறுக்கம் என்பதில்தான் குறி தப்பாமல் இருப்பது தங்கியிருக்கிறது. பட்டாளத்திலேயே சிப்பாய்க்கு அதைக் கழற்ற அனுமதி இல்லை, ஆயுதம் திருத்துபவர்தான் தொடலாம். போதாததற்கு அவனுடைய மார்க்கில் விசை தொங்குவது விசைக் காப்பில். மரம் சுருங்கினால், கழற்றித் திரும்பப் பூட்டியது பிசகினால், விசையின் இழுவையும் மாறும். அதனால்தான் போருக்குப் பிறகு வந்த மார்க் 2இல் விசையை நேரே இரும்புடலில் தொங்கவிட்டார்கள். மழையில் நனைந்து உள்ளே கறள் பிடித்தது என்று தெரிந்தால் ஒழிய, மரத்தைச் சும்மா விட வேண்டும். சாதாரணமாகத் துடைக்க வேண்டியதற்கு மாகசினும் போல்ட்டும் வந்தால் போதும்.

போல்ட்டைக் கழற்றுவதும் சாதிக்கு ஒரு விதம். மூத்ததில் கடைசிவரை பின்னுக்கு இழுத்து, போல்ட்டின் தலையை விரலால் மேலே நெம்பினால் டக் என்று விடும். நம்பர் 4 மார்க் 1இல் அமத்த ஒரு பிடி உண்டு. நட்சத்திரம் போட்டதில் அந்தப் பிடியையும் கழித்துவிட்டு, போல்ட் ஓடும் வலப்பக்கத் தண்டவாளத்தில் முன்பக்கமாக ஒரு வெட்டு மட்டும் போட்டார்கள்.

"அந்த ஓட்டை இருக்கிற பின்குறியை நிமித்து, இல்லாட்டிப் போல்ட் வெளியிலை வராது. இப்ப மெள்ள இழு. அந்த வெட்டுக்கு நேரை தலை வரேக்கை நிப்பாட்டு. தலையை மட்டும் மேலை திருப்பு. இனி இழு."

வந்தது. பிள்ளை பிறந்த மாதிரி அவனுக்குச் சந்தோசம்.

"பொறு. அந்த வெட்டின்ரை ஓரத்தை விரலாலை தடவிப் பார். பல்லு உடைஞ்ச மாதிரி ஏதும் இருக்கே?"

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வெட்டின் மூலை நாள்பட நாள்பட அடிபட்டு உடையும். உடைந்தால் சுட்டுவிட்டுப் போல்ட்டை வேகமாக இழுக்கும்போது தலை தானாகத் தண்டவாளத்தை விட்டு ஏறிவிடும். பழைய நட்சத்திரத் துவக்கு வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. கடைக்காரர் அதை வெளிச்சத்தில் காட்ட மாட்டார். இவனுடையதில் ஓரம் கூராகவே இருந்தது.

பிறகு எண். போல்ட்டின் கைபிடி அடியில் இருக்கும் எண்ணும், இரும்புக் கழுத்தின் இடப்பக்கத்து எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தது. போல்ட்டின் தலை தனியாக மரையில் திருகிப் பூட்டியது, அதில் 0 முதல் 3 வரை ஒரு எண் இருக்கும். எண் கூடக் கூட நீளம் மயிரிழை கூடும். 303 ரவைக்கோதின் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு குழலின் பின்முகத்துக்கும் போல்ட் தலைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியில் நிற்கிறது என்பதைத்தான் இந்த எண்ணால் சரிக்கட்டுவார்கள். இடைவெளி கூடினால் கோது அடிப்பக்கத்தில் இழுபட்டு அறும், சூடான வாயு முகத்துப் பக்கம் வரும். எங்கள் ஆர்மரியில் ஒருமுறை இரண்டு போல்ட்டுகளை நாங்கள் மாற்றிப் பூட்டிவிட்டோம். இரண்டும் அழகாக உள்ளே போயின, அழகாகத் திரும்பின. சாஜன் எண்ணைப் பார்த்தார், இரண்டு பேருக்கும் மைதானத்தைச் சுற்றிப் பத்து ஓட்டம். பூட்டுப்படுகிறது என்பதற்காகச் சரி என்று ஆகாது. எண் ஒன்றாக இருந்தும், சுட முன்னம் துவக்குத் திருத்துபவரிடம் கொடுத்து அந்த இடைவெளியை அளவுகோல் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதற்கு அவன் மூக்கைச் சுழித்தான், காசு செலவாம். துவக்குக்குக் கொடுத்த காசை விடவா உன் கண் மலிவு என்று கேட்டேன்.

குழலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தவன் பதறிவிட்டான். "மாமா, தேஞ்சு போச்சு. உள்ளை ரெண்டு வரிதான் கிடக்கு. இன்ரநெற்றிலை அஞ்சு எண்டு போட்டிருக்கு." வரி என்பது ரவையைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டும் பள்ளம். வழக்கமான என்பீல்ட் குழலில் ஐந்து வரி, இடப்பக்கம் சுற்றும். போர்க்காலத்தில் வேலையை மிச்சம் பிடிக்க இரண்டே வரி வெட்டிய குழல்களும் செய்தார்கள், லோங் பிராஞ்சிலும் செய்தார்கள். எங்கள் சாஜன் அப்படி ஒன்றை வெயிலுக்குப் பிடித்துக் காட்டியிருக்கிறார். வரியின் ஓரம் கூராக இருக்கிறதா என்று பார், எண்ணிக்கையைப் பார்க்காதே என்றேன்.

எண்ணெய்க்கு அவன் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் காட்டினான். மனைவியின் தலைக்கு வைப்பது. இங்கே மார்கழி விடியலிலேயே போத்தலுக்குள் இறுகிப் போகிற எண்ணெயைக் கார்த்திகை மாதத்துக் கனடாக் காட்டுக்குக் கொண்டுபோனால் போல்ட்டோடு, ரவையை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியும் உறைந்துவிடும். மெல்லிய இயந்திர எண்ணெய், அதுவும் சீலையில் தொட்டுத் துடைக்கிற அளவு. குழலுக்குள் போட்டதைச் சுட முன்னம் வறளத் துடைக்க வேண்டும்.

கழுவுவதில் ஒரு சங்கதி. தியத்தலாவைக் கடேற் முகாமில் சுட்டு முடிந்த பின்னேரம், குளிரில் விறைத்த கையோடு, கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்துப் புனலால் குழலுக்குள் ஊற்றுவோம். இரும்புக்குள் தண்ணீரா என்று முதல்நாள் நான் கேட்டேன். பழைய பட்டாள ரவைகளின் அடியில் இருக்கும் வெடிமருந்து எரிந்து ஒருவகை உப்பை விட்டுவிட்டுப் போகும், அது ஈரத்தை இழுத்து இரவோடிரவாகக் கறள் பிடிக்க வைக்கும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். கொதிதண்ணீர் என்றால் குழல் சூடாகித் தானே காய்ந்தும் விடும். அதற்குப் பிறகு நான்குக்கு இரண்டு அங்குலச் சீலைத் துண்டைப் புல்த்ரூ கயிற்றில் கோத்து இழுத்து, கடைசியில் எண்ணெய். கடற்காற்றில் யன்னல் கம்பி கரைகிற ஊரில் பிறந்தவனுக்கு உப்பைப் பற்றி இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. இப்போது கடையில் விற்கும் புது ரவைகளில் அந்த உப்பு இல்லை. ஆனால் பழைய பட்டாளப் பெட்டி ஏதும் மலிவாகக் கிடைத்து வாங்கினால் கேத்தலை அடுப்பில் வைக்க வேண்டும்.

மரத்தை மெஷின் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கப் போகிறேன் என்றான். அதற்குத்தான் நான் உண்மையில் கோபப்பட்டேன். மரத்தில் அடித்திருக்கும் முத்திரைகள் தேய்த்தால் போய்விடும், திரும்ப வராது. ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் விட்டுச் சூடேறத் தேய்த்தால் போதும்.

இந்த ஊருக்கு இதில் ஒன்றும் பொருந்தாது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். பழைய இரும்பு எடுக்கும் பொடியன் ஒருவன் சைக்கிள் கரியரில் சாக்கோடு பட்டறைக்கு வந்தான். "ஐயா, இது என்ன சாமான் எண்டு சொல்லுங்கோ, விலைப்படுமோ?" மேலே தெரிந்தது மண்ணும் கறளும் மூடிய ஒரு நீள இரும்பு. பக்கத்தில் வளைந்த கைபிடி, நுனியில் உருண்டை. பூட்டும் பல் பின்பக்கத்தில் இருந்தது, முன்பக்கம் மரை தெரிந்தது, தலையைக் காணவில்லை. ஜெர்மன்காரரின் மவுசர் துவக்கு என்றால் பல் முன்பக்கத்தில் இருக்கும். 303 போல்ட். நாற்பது வருடத்துக்குப் பிறகு கண்டது, ஒரு கணம் மனம் துள்ளியது என்பதை மறைக்கவில்லை. அவன் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டப் போனான்.

"கொட்டாதை!"

போல்ட்டுக்குக் கீழே, மண் அப்பி, உருண்டையாக இன்னொன்று கிடந்தது. மெள்ள நிலத்தில் வைக்கச் சொன்னேன். பட்டறையில் நின்ற எல்லாரையும் வெளியே எடுத்து, ஒழுங்கை முடக்குக்கு அப்பால் நின்றுகொண்டு 119க்கு அடித்தோம். அன்றைக்கு இரவுவரை பட்டறைக்குள் போகவில்லை. வந்து எடுத்துப் போனவர்கள் அந்த உருண்டை என்னவென்று சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. பொடியனைக் காவலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்றுதான் எனக்குப் பயம். வாக்குமூலம் எடுத்துவிட்டு விட்டார்கள்.

அதனால் இங்கே கிணறு வெட்டும்போதோ காணி துப்புரவாக்கும்போதோ இரும்பு வந்தால், எந்தச் சாதி, எந்த மார்க் என்று என் மாதிரி ஆட்களிடம் காட்ட எடுத்துக்கொண்டு வராதீர்கள். குனிந்து வாசிப்பதற்கும் கிட்டப் போகாதீர்கள். இடத்தில் கிடக்க விட்டுவிட்டு, வந்த வழியாலேயே திரும்பிப் போய்ப் பொலிஸுக்குச் சொல்ல வேண்டும். கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட்காரர் 2002இல் இருந்து வடக்கில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் ஒவ்வொரு அங்குலத்துக்கும் எடுக்கிற பொறுமையைப் பார்த்தால் விளங்கும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம், கறள் பிடித்த துண்டைக் கூட ஞாபகத்துக்கென்று அலுமாரியில் வைக்கும் ஆசை வேண்டாம்.

மருமகனுடைய கதை அதோடு முடியவில்லை. எல்லாம் துடைத்துப் பூட்டியாயிற்று என்று சொன்ன அன்று இரவு பத்து மணிக்குப் படம் ஒன்று அனுப்பினான். வெள்ளைத் துணியில் ஒரு சின்னச் சுருள்வில். "மாமா, இது ஒண்டு மிஞ்சிப் போச்சு. எங்கை போடுறது?"

நித்திரை போய்விட்டது. நம்பர் 4இல் இருக்கும் வில்லெல்லாவற்றையும் இருட்டில் எண்ணினேன். போல்ட்டுக்குள் இருப்பது பெரியது, விரல் நீளம், அவன் போல்ட்டின் உள்ளைத் தொடவில்லை. மாகசின் வில் தட்டைத் தகடு. விசைக்கும் மாகசின் நாக்குக்கும் சேர்த்து ஒன்று, அது கவட்டை மாதிரி வளைந்தது, சுருள் இல்லை. ரவைக்கோதை இழுக்கும் கொக்கியின் வில் தட்டை. பூட்டு நெம்பின் வில்லும் தட்டை. மார்க் 1 என்றால் அந்த அமத்தும் பிடிக்குக் கீழே ஒரு சுருள்வில் இருக்கும், ஆனால் இவனுடையது நட்சத்திரம், அதைக் கழித்துவிட்டார்கள். மிஞ்சியது பின்குறிக்குக் கீழே இருக்கும் சின்னதுதான். அதற்கு அச்சாணியைத் தட்ட வேண்டும். தட்டினானோ? இரண்டரை மணிக்கு எழும்பி, "பின்குறியைக் கழற்றினியோ?" என்று எழுதிப் போட்டேன். மனிசி மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

விடியப் பதில் வந்து கிடந்தது. பின்குறியில் கையே வைக்கவில்லையாம். மகள் வீட்டுப்பாடம் எழுத வந்து, பேனா வேலை செய்யவில்லை என்று அழுதாளாம்.